விராலின் மூச்சை எண்ணிய கதை

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வியை ஒரே வரியில் சொல்லிவிடலாம். வெயில் ஏறித் தண்ணீர் சூடானால், விரால் மீன் எவ்வளவு ஆக்சிஜனைத் தண்ணீரிலிருந்து எடுக்கும், எவ்வளவைக் காற்றிலிருந்து எடுக்கும்? பதில் கிடைக்க நாலரை வருஷம் ஆயிற்று. அதில் முதல் ஒரு வருஷம் நான் எதை அளந்துகொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது.

விரால், செவுள் இருந்தும் செவுள் போதாத மீன். குஞ்சாக இருக்கும்போது தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை வைத்தே சமாளித்துவிடும். கண்மாய் ஓரத்தில் செக்கச்செவேலென்று கூட்டமாகத் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். வளர்ந்த பிறகு அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றைக் கவ்விக்கொண்டு போயாக வேண்டும். செவுளுக்கு மேலே, தலைக்குள் அதற்கென்று இரண்டு அறைகள் உண்டு. அவற்றின் சுவரெல்லாம் மெல்லிய ரத்தக் குழாய்கள். மேலே வரவிடாமல் தண்ணீருக்குள் வலை கட்டித் தடுத்தால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். தண்ணீரில் மூழ்கிச் சாகும் மீன்!

இப்படிக் காற்றைச் சுவாசிக்கும் மீன்களின் கதை நம் கரையிலேயே தொடங்குவதில் எனக்கு ஒரு பெருமை. 1791இல் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் ராணுவ அதிகாரி டால்டார்ஃப், குளத்தங்கரைப் பனைமரத்தில் தண்ணீர் மட்டத்திலிருந்து ஐந்தடி உயரத்தில் ஒரு பனையேறிக் கெண்டையைப் பிடித்ததாக லண்டனில் இயற்கையியலுக்கென்று இருக்கும் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார். அது மரம் ஏறியதா, ஏதாவது பறவை தூக்கிவந்து போட்டதா என்ற சண்டை அதற்கப்புறம் வெகுகாலம் ஓடியது. என் வேலைக்கு நேரடியாக உதவியது வேறு. 1970களில் மதுரையில் பேராசிரியர் டி. ஜே. பாண்டியனின் குழு விராலை வைத்துச் செய்த சோதனைகள். ஆழமான தொட்டியில் வளரும் விரால், ஒவ்வொரு மூச்சுக்கும் கூடுதல் தூரம் நீந்த வேண்டும். தின்றதில் ஒரு பங்கு அந்தப் பயணத்துக்கே போய்விடும். உடம்பில் சேர்வது குறையும். மூச்சுக்கு ஒரு விலை உண்டு என்று எனக்குப் புரியவைத்தவை அவை.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதல் வாசல், விலங்குகளை வைத்துச் சோதனை செய்ய அனுமதி தரும் விலங்கு நெறிமுறைக் குழு. "மீனுக்குமா?" என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் விலங்கு என்றால் மனிதரைத் தவிர்த்த எல்லா உயிரும்தான். குழுவுக்குத் தரும் பி படிவத்தில் அறுபது மீன் வேண்டுமென்று எழுதியிருந்தேன். ஏன் அறுபது என்று கேட்டார்கள். முழு எண்ணாக இருக்கட்டும் என்று போட்டேன் என்பதை வெளியே சொல்ல முடியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்ததில் இருபத்து நான்கே போதும் என்று வந்தது. அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இருபத்து நான்கு விரால்களைப் பராமரித்துப் பார்த்த பிறகு அந்தக் குழுவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். விரால் துள்ளும். மூடாத தொட்டியில் நிற்காது. ஒருநாள் காலையில் எண்ணினால் ஒன்று குறைந்தது. ஃபிரிட்ஜுக்கு அடியில் ஒழுகிய ஈரத்தில் உயிரோடு கிடந்தது.

கருவி எளிமையானதுதான். கண்ணாடி ஜாடி, முக்கால் பங்கு தண்ணீர், அதன்மேல் மிதக்கும் தெர்மகோல் வட்டம், நடுவில் மீன் வாயை நீட்ட ஓர் ஓட்டை, அதற்கு மேல் அடைபட்ட காற்று. தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு குறைகிறது, காற்றில் எவ்வளவு குறைகிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தண்ணீருக்கு விங்க்லர் முறை. 1888இல் வந்த முறை. இன்றும் அதைத்தான் நம்புகிறேன். மாதிரியை பாட்டிலில் நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் பிப்பெட்டால் விட்டால், ஆக்சிஜன் இருக்கும் தண்ணீரில் பழுப்பு நிறத்தில் துகள் துகளாகப் படியும். கந்தக அமிலம் விட்டால் படிவு கரைந்து தேன் நிறமாகும். பிறகு ப்யூரெட்டிலிருந்து தயோசல்பேட் சொட்டுச் சொட்டாக. மஞ்சள் வெளுத்ததும் ஸ்டார்ச் விட்டால் கருநீலம். அந்த நீலம் எந்தச் சொட்டில் மறைகிறதோ அதுதான் கணக்கு. பாட்டிலை மூடும்போது ஒரு காற்றுக்குமிழி உள்ளே சிக்கினாலும் அளவு ஏறிவிடும். மே மாதத்தில் நேற்றுக் காய்ச்சிய ஸ்டார்ச் இன்றைக்கு நீலம் காட்டாது. இதெல்லாம் செய்முறை நோட்டில் இருக்காது. கை சுட்டுத்தான் வரும்.

ஒரு வருஷத்து அளவுகளை என் ஆய்வு வழிகாட்டியிடம், அதாவது கைடிடம், கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "மீனே இல்லாமல் ஒரு ஜாடி வச்சுப் பாத்தியாம்மா?" என்றார். வைக்கவில்லை. வைத்தேன். மீன் இல்லாத ஜாடியிலும் ஆக்சிஜன் குறைந்தது! ஜாடிச் சுவரில் வழவழவென்று படிந்திருந்த பாக்டீரியா மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் மூச்சையும் சேர்த்து விராலின் பெயரில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஜாடியைக் கிருமிநீக்கிக் கரைசலில் ஊறவைத்து, அலசி, வெறும் ஜாடியையும் பக்கத்திலேயே ஓட்டி, அந்த அளவைக் கழிக்க வேண்டும் என்று ஆனது. பழைய நோட்டு பரணுக்குப் போயிற்று.

அடுத்த குழப்பம் இன்னும் விசித்திரம். தின்ற மீன் செரிமானத்துக்காகக் கூடுதல் ஆக்சிஜன் எடுக்கும். அதனால் சோதனைக்கு முன்னால் ஒரு நாளாவது பட்டினி போட வேண்டும். போட்டேன். ஆனாலும் சில நாள் அளவு தாறுமாறாக எகிறியது. தொட்டி அடியில் கருவாட்டுத் துணுக்கைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

"அண்ணே, நைட்டு மீனுக்கு ஏதாச்சும் போட்டீங்களா?"

"ஆமாம்மா. பாவம், மேலே மேலே வந்து வாயைத் திறக்குது. பசிச்ச புள்ளை மாதிரி இருந்துச்சு" என்றார் இரவுக் காவலர்.

அவரிடம் கோபப்பட முடியவில்லை. அது மூச்சுக்காகத்தான் வாயைத் திறக்கிறது என்று உட்காரவைத்து விளக்கினேன். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைப் பற்றி நான் யாருக்காவது எடுத்த முதல் பாடம் அதுதான்.

இரண்டாவது பாடம் ஓர் அரசுப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்புக்கு. அங்கே எனக்குத் தெரிந்த ஆசிரியை கேட்டுக்கொண்டார். குழுவிடம் சொல்லி, மூடி போட்ட இரண்டு தொட்டிகளில் தொட்டிக்கொரு விராலைக் கொண்டுபோனேன். ஒரு தொட்டியில் ஒரு சாண் தண்ணீர், இன்னொன்றில் மூன்று சாண். கத்தி இல்லை, ரசாயனம் இல்லை. மீன் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ண வேண்டும், அவ்வளவே. "மீன் எதனால் சுவாசிக்கிறது?" என்றதும் வகுப்பே ஒரே குரலில் "செவுள்களால்" என்றது. தொட்டியைக் காட்டியதும் அந்தக் குரல் கொஞ்சம் பிசிறியது. முப்பது டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம், ஒரு லிட்டர் காற்றில் 250க்கும் மேல். இதைக் கரும்பலகையில் எழுதியதும் பின் பெஞ்சுப் பையன் ஒருவன், "அப்ப மத்த மீனெல்லாம் ஏன் மிஸ் மேலே வரலை?" என்றான். அரைமணி நேரம் அதிலேயே போய்விட்டது.

எண்ணும்போதுதான் அது நடந்தது. ஆழத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மிஸ், நீங்க கிட்ட வந்தா மட்டும் அது மேலே வர மாட்டேங்குது." பார்த்தேன். உண்மைதான். என் நிழல் தண்ணீரில் விழுந்ததும் மீன் அடியிலேயே படுத்துக்கொண்டது. நான் நகர்ந்து வெகுநேரம் கழித்துத்தான் அவசரமாக ஒரு வாய் பிடித்துக்கொண்டு இறங்கியது. கொக்குக்கும் நாரைக்கும் பயந்து வாழும் உயிர், அது வேறெப்படி இருக்கும்? மேலே வருவதுதான் அதற்கு ஆபத்தான நேரம் என்று கட்டுரைகளில் படித்திருக்கிறேன், மேற்கோளும் காட்டியிருக்கிறேன். படித்துவிட்டு, இரண்டு வருஷமாக ஜாடிக்கு ஒரு முழம் தள்ளி நின்று, கையில் நோட்டோடு குனிந்து பார்த்துக்கொண்டே எண்ணியிருக்கிறேன்.

திரும்பி வந்த அன்றே கடைக்குப் போய்க் கறுப்புத் துணி வாங்கினேன். ஜாடிகளைச் சுற்றித் திரை கட்டி, மேலே போன் கேமராவைப் பொருத்தி, நான் அறைக்கு வெளியே. மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையிலான நேரம் சுருங்கியது. காற்றிலிருந்து எடுக்கும் பங்கு கூடியது. மொத்தத் தொகுப்பையும் மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. கைடு திட்டவில்லை. ஆய்வகச் சாவியை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். வாய்மொழித் தேர்வில் புறத் தேர்வாளர் அந்தத் துணியைப் பற்றித்தான் முதலில் கேட்டார். பள்ளியில் நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

எல்லாம் முடிந்த வாரம் காவலர் அண்ணன் மெதுவாக வந்து நின்றார். "ஏம்மா, இந்த விரால் எல்லாம் இனி என்ன ஆகும்?" சந்தையில் விரால் விற்கும் விலை அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் சோதனை முடிந்த பிறகு மீன்கள் மாணவர்கள் பார்ப்பதற்காகக் கல்லூரித் தொட்டியிலேயே வளரும் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். சொன்னேன். கொஞ்ச நேரம் முகம் வாடியிருந்தது. இப்போது தினமும் சாயங்காலம் வேலைக்கு வந்ததும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கருவாட்டுத் தூள் போடுகிறார். யாரும் தடுப்பதில்லை.