பாடி பழையது, லென்ஸ் புதியது

கோத்தகிரியில் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளராக இருந்துவிட்டு 2018இல் தனியாக உருவப்படம் எடுக்கத் தொடங்கியபோது, என்னிடம் இருந்தது 40,000 ரூபாய். அதற்குக் கிட் லென்ஸுடன் (கேமராவோடு சேர்த்தே விற்கும் சாதாரண லென்ஸ்) புதிய கேமராவே கிடைத்திருக்கும். ஆனால் அந்த லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப் 5.6க்கு மேல் திறக்காது; எஃப் எண் சிறிதாக ஆக, லென்ஸின் துளை பெரிதாகும். இங்கோ மழை மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பதால், பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, பழையதாக வாங்கி லென்ஸுக்குப் பணம் ஒதுக்கத் தீர்மானித்தேன்.

2010இல் வெளிவந்த நிக்கான் டி7000 ஒன்று கிடைத்தது. அதன் 16 மெகாபிக்சல், 12க்கு 18 அங்குலப் பிரதிக்குத் தாராளம். ஒரே படத்தை அதில் போடும் இரண்டு மெமரி கார்டுகளிலும் பதிய முடிவது, மறுபடி எடுக்க முடியாத நிகழ்ச்சிகளுக்குப் போகிறவனுக்குப் பெரிய தைரியம். அந்த மாடலின் ஷட்டர் 1,50,000 முறை இயங்கும் என்று சோதிக்கப்பட்டது. நான் வாங்கியது அதில் கால் பங்கைக்கூடத் தாண்டவில்லை.

பிழை லென்ஸில் நேர்ந்தது. மிச்சம் பிடிக்கும் ஆசையில் 50 மி.மீ. லென்ஸையும் பழையதாகவே வாங்கினேன். "இப்பதான் சர்வீஸ் பண்ணது தம்பி" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, டார்ச் அடித்துப் பார்க்காமல் மலையேறிவிட்டேன். வீட்டில் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் பாய்ச்சியபோது, கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தது. பிறகு புதிது வாங்கினேன். அதை இன்றும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைக்கிறேன். அந்த ஜெல்லின் நீல நிற மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பானால், இதற்கென்றே ஒதுக்கிய பழைய வாணலியில் வறுத்தெடுப்பேன். (அந்த வாணலியைப் பற்றி அம்மாவுக்கு இன்னும் வருத்தம் உண்டு.)

முதல் வேலை, வெள்ளை உடுத்து வெள்ளைத் துணியால் தலையை மூடிய ஒரு படுகர் மூதாட்டியின் படம். வெண்மையைக் கண்டு கேமரா படத்தை இருட்டாக்கும் என்று தெரிந்து, ஒளியளவை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காக, கூட்டினேன். ஆனால் துளை அகலமானால் கூர்மையாக விழும் ஆழம் குறையும் என்பதை மறந்து, புது லென்ஸின் பெருமையில் எஃப் 1.8இலேயே எடுத்துவிட்டேன். திரையைப் பார்த்தவர், "ஒரு கண்ணுதான் தெரியுது, இன்னொண்ணு மூடுபனிக்குள்ள போயிருச்சே?" என்றார். அவரை ஜன்னலுக்கு இன்னும் அருகில் உட்கார வைத்து, துளையை எஃப் 4க்குக் குறைத்து மறுபடி எடுத்தேன்.