கழலாத ஈயம்

அந்தப் பச்சை ரப்பரை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை, ஏனென்றால் விரலால் தொட்டும் பார்த்தேன், தூண்டில் நரம்பில் ஈயத்தை மாட்டும் லெட் கிளிப்பின் வால் முழுவதையும் மூடி, கிளிப்பின் கை எங்கே முடிகிறது என்றே தெரியாத அளவுக்கு அது ஏறியிருந்தது. தொட்டுவிட்டு நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "கொஞ்சம் தளர்த்திக்கோங்க தம்பி." சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் நடந்துவிட்டேன்.

நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன். கெண்டை ஏரியில் காவல் வேலை, வீசுவதற்கு முன்னால் ஒவ்வொருவருடைய ரிக்கையும், அதாவது நரம்பின் நுனியில் முள்ளும் ஈயமும் சேர்த்துக் கட்டியிருக்கும் அமைப்பையும், பார்க்க வேண்டியது என் பொறுப்பு. அந்தத் தம்பி இரண்டு தூண்டில்களையும் நீட்டினார். பலகையில் எழுதியிருக்கும் விதிகளின் வரிசையிலேயே பார்த்துக்கொண்டு போனேன். மெயின்லைன், அதாவது உருளையிலிருந்து வரும் முக்கிய நரம்பு, தாங்கும் இழுப்பு 12 பவுண்டுக்குக் குறையக் கூடாது, சரி. முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் அந்தக் குட்டிப் பல் இருக்கக் கூடாது, பஞ்சில் குத்தி உருவிப் பார்த்தேன், ஒரு இழைகூட ஒட்டி வரவில்லை, சரி. ஈயக் கம்பியை உள்ளே வைத்துப் பின்னிய லெட்கோர் லீடர் நரம்பு இல்லை, சரி. ஈயத்தை நிலையாகக் கட்டக் கூடாது, லெட் கிளிப்பிலோ, நரம்பு ஈயத்தின் நடுவே ஓடும்படி இன்லைனாகவோ இருக்க வேண்டும், கிளிப் இருக்கிறது, சரி. வலை, மீனைக் கிடத்தும் விரிப்பு, காயத்துக்கு மருந்து எல்லாம் இருந்தது. அப்புறம்தான் ரப்பர் கண்ணில் பட்டது.

"இது ரொம்ப இறுக்கமா இருக்கே?"

"வீசும்போது ஈயம் கழண்டு பறந்துடுதுண்ணே. போன தடவை நாலு போச்சு. அதான் நல்லா ஏத்திட்டேன்."

"இப்படி இருந்தா மீன் மாட்டினா கழலாதே."

"கிளிப் போடணும்னுதானே பலகைல இருக்கு? போட்டிருக்கேனே."

வம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நானும் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். ரப்பர் எவ்வளவு ஏறலாம் என்று அதில் ஒரு எழுத்து இல்லை. அந்த ஒரு நொடியில்தான் என் வாய் "கொஞ்சம் தளர்த்திக்கோங்க" என்று முடித்துக்கொண்டது. அவர் தலையாட்டினார். தளர்த்தினாரா என்று நான் நின்று பார்க்கவில்லை.

லெட் கிளிப் எதற்காக இருக்கிறது என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் இவ்வளவு புலம்புகிறேன் என்று புரியாது. ஈயம் கிளிப்பின் கையில் தொங்கும், அந்தக் கை திறந்துகொள்ளாமல் டெயில் ரப்பர் பிடித்துக்கொள்ளும். மீன் முள்ளோடு ஓடி, ஈயம் பாசியிலோ மூழ்கிய மரக்கிளையிலோ சிக்கிக்கொண்டால், அந்த இழுப்பில் ரப்பர் பின்னால் நழுவி, கை திறந்து, ஈயம் விழுந்துவிட வேண்டும். நரம்பு அறுந்தாலும் மீன் கிளிப்பையும் ஒரு முள்ளையும் மட்டும் இழுத்துக்கொண்டு போகும், முள்ளையும் நாளடைவில் உதறிவிட வாய்ப்பிருக்கிறது. ரப்பர் இறுகியிருந்தால் கிளிப் இருந்தும் இல்லாத மாதிரிதான். 85 கிராம் ஈயம் உதட்டிலிருந்து தொங்க, எங்கே போய்ச் சிக்குகிறதோ அங்கே கட்டிப் போட்ட மாடு மாதிரி அந்த மீன் நின்றுவிடும். கயிறு அவிழ்க்க ஆள் வராது.

இந்த வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு உறைத்த விஷயம் ஒன்று உண்டு. கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் பல். இரையை உறிஞ்சும், பிடிக்காவிட்டால் ஊதித் துப்பும். முள்ளில் குத்திய இரையை அது எளிதாகக் கண்டுகொண்டு துப்பிவிடும் என்பதால்தான் 1980 வாக்கில் இங்கிலாந்தில் லென்னி மிடில்டனும் கெவின் மேடக்ஸும் ஹேர் ரிக்கைக் கொண்டுவந்தார்கள். இரை முள்ளில் இருக்காது, பக்கத்தில் ஒரு முடி மாதிரியான இழையில் இருக்கும், மீன் உறிஞ்சும்போது வெறும் முள்ளும் கூடவே உள்ளே போகும். பிறகு கனமான ஈயம் தடுத்து நிறுத்த, முள் தானாகவே உதட்டில் ஏறிவிடும். அதாவது மீனைப் பிடித்துத் தருவது அந்தக் கனம்தான். சாகடிப்பதும் அதே கனம்தான். ரப்பர் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இரண்டில் எது என்பது.

இவ்வளவும் எனக்குத் தெரியும், அன்றைக்கும் தெரியும்.

மறுநாள் காலை நாணல் பக்கம் சுற்றி வரும்போது, காற்று ஒரு திசையில் அடிக்க, நாலைந்து நாணல் மட்டும் எதிர்த்திசையில் ஆடிக்கொண்டிருந்தது. சின்ன ஆட்டம்தான். ஒரு தடவை அசையும், நிற்கும், மறுபடி அசையும். தண்ணீரில் இறங்கி நாணலை விலக்கினால் ஒரு கெண்டை, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி. நரம்பு நாலு தண்டுகளைச் சுற்றியிருந்தது, அந்தப் பக்கம் ஈயம் வேரில் மாட்டியிருந்தது. நரம்பை வெட்டி, வலையில் ஏந்தி, விரிப்பை நனைத்துக் கிடத்தினேன். கீழ் உதட்டின் ஓரம் கிழிந்து வெளுத்துப்போயிருந்தது. முள் ஒரு திருகலில் வந்துவிட்டது. மருந்து போட்டு, தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன், செவுள் ஒழுங்காகத் திறந்து மூட வெகுநேரம் ஆனது, பிறகு என் கையை வாலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டது. எடை போடவில்லை. போடத் தோன்றவில்லை.

ரிக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கிளிப், பச்சை ரப்பர், ஈயம் அப்படியே இருக்கிறது. இரண்டு விரலால் ரப்பரை இழுத்தேன், வரவில்லை. ஈயத்தை ஒரு கையிலும் நரம்பை ஒரு கையிலும் பிடித்து இழுத்தேன், வரவில்லை. கடைசியில் குறடு வைத்துத்தான் கழற்றினேன்.

இது அந்தத் தம்பியுடையதா? தெரியாது. பச்சை ரப்பரைப் பாதிப் பேர் போடுகிறார்கள். அன்று இரவு ஒன்பது பேர் கரையில் இருந்தார்கள், நரம்பு அறுந்ததாக ஒருவரும் சொல்லவில்லை, அந்தத் தம்பி இருட்டுவதற்குள் கிளம்பிப் போய்விட்டதாகப் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். மீன் அதற்கு முந்தைய நாளே மாட்டியிருக்கலாம், உதடு அவ்வளவு வெளுத்திருந்ததைப் பார்த்தால் அப்படியும் தோன்றுகிறது. அப்படியென்றால் வேறு யாரோ, நான் "சரி" சொல்லி அனுப்பிய வேறொரு ரிக். இது எனக்கு ஆறுதலா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை, இன்னும் மோசம்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். விதி எழுதுவது நான் அல்ல. அதற்கு முன்பு ஒரு தடவை, பலகையில் இல்லாத ஒன்றுக்காக, முள்ளைத் தாங்கும் சிறு நரம்பான ஹூக்லிங்க், மெயின்லைனில் கோத்த மணிகளுக்கு நடுவே சுழலும் ஹெலிகாப்டர் ரிக்கில் மேல் மணி நகராமல் இறுகிப் போயிருந்ததற்காக ஒருவரை வீச விடாமல் நிறுத்தினேன். மெயின்லைன் அறுந்தால் ஹூக்லிங்க் அந்த மணியைத் தள்ளிக்கொண்டு மேலே வழுக்கி வெளியேற வேண்டும், நகராத மணி என்றால் மீன் மொத்தத்தையும் சுமக்கும். நான் சொன்னது சரியான காரணம். ஆனால் அவர் ஏரி உரிமையாளரிடம் போய், உங்கள் காவலர் இஷ்டத்துக்கு விதி போடுகிறார் என்றார். உரிமையாளர் என்னிடம் நல்லபடியாகத்தான் சொன்னார், பலகையில் இருப்பதைப் பாருங்கள், மற்றதை ஆலோசனையாகச் சொல்லுங்கள் என்று. அதில் தப்பு இல்லை. ஆளாளுக்கு ஒரு விதி என்று ஆனால் எந்த விதிக்கும் மதிப்பிருக்காது. அன்று நான் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டேன். ஆலோசனைதான் சொன்னேன்.

ஆனால் அது ஆலோசனையா? இங்கேதான் எனக்குத் தூக்கம் கெடுகிறது. "கொஞ்சம் தளர்த்திக்கோங்க" என்றால் அவருக்கு மறுபடி ஈயம் பறக்கும், நாலுக்குப் பதில் எட்டுப் போகும். அவருடைய பிரச்சினைக்கு நான் பதிலே சொல்லவில்லை. பதில் என்னிடம் இருந்தது. தண்ணீரில் கரையும் பிவிஏ டேப்பை ஈயத்தின் காதையும் கிளிப்பின் கையையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால், வீசும்போது பிடித்துக்கொள்ளும், அடியில் போனதும் கரைந்துவிடும், ரப்பரை முதல் இரண்டு வளையத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். செய்து காட்ட இரண்டு நிமிடம் ஆகும், டேப் என் சட்டைப்பையிலேயே இருந்தது. இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பலகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம் இன்னொன்று, இது பல நாள் கழித்துத்தான் எனக்குப் பட்டது. நாணலில் கிடைத்த ரிக்கின் ஹூக்லிங்க் தடித்த பிரெய்ட் (பின்னல் நரம்பு), பார்த்தால் 25 பவுண்டு இருக்கும். மெயின்லைன் அதைவிட எவ்வளவோ மெல்லியது. அப்படிக் கட்டினால் அறுவது எப்போதும் மேலேதான், ஈயமும் கிளிப்பும் மீனோடு போகும். ஹூக்லிங்க் மெலிந்ததாக இருந்திருந்தால் அது முதலில் அறுந்து மீன் வெறும் முள்ளோடு போயிருக்கும். அந்தத் தம்பியின் ஹூக்லிங்க் எவ்வளவு தடிமன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. மெயின்லைனுக்குக் குறைந்தபட்சம் என்று ஒரு விதி இருப்பதால் அதைப் பார்த்தேன், ஹூக்லிங்குக்கு விதி இல்லை, அதனால் என் கண் அங்கே போகவே இல்லை. நான் ரிக்கைப் பார்த்ததாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வீசுவதற்கு முன்னால் இழுத்துப் பார்க்கிறேன், எல்லோருடையதையும். ஈயத்தைப் பிடித்துக்கொண்டு நரம்பை ஒரே சீராக இழுத்தால் ரப்பர் வழுக்கி ஈயம் கையில் விழ வேண்டும். உரிமையாளரிடம் கேட்டுப் பலகையிலும் சேர்த்தாகிவிட்டது: "கையால் இழுத்தால் ஈயம் கழல வேண்டும்." எழுதிய மறுநாளே ஒருவர் கேட்டார், யார் கையால், எவ்வளவு பலமாக என்று. அவர் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. கரையில் உலர்ந்த ரப்பர் ஒரு மாதிரி, தண்ணீரில் ஊறியது ஒரு மாதிரி. நான் இழுப்பது நேராக, மீன் இழுப்பது எந்தக் கோணத்திலோ. ஒரு தடவை இழுத்துக் காட்டிவிட்டு நான் நகர்ந்ததும் மறுபடி இறுக்கிக்கொள்கிறவர்களும் இருக்கலாம்.

கழன்று விழும் ஈயமும் எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1987 முதல் 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையான ஈயக்குண்டுகளைத் தடை செய்திருக்கிறார்கள், அன்னங்கள் அவற்றை விழுங்கிச் செத்ததால். நாங்கள் பயன்படுத்துவது அந்த அளவுக்கு மேலே, பறவை விழுங்கும் அளவு இல்லை. ஆனாலும் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு ஈயம் என்று அடியில் சேர்ந்துகொண்டே போவதை நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பல் இல்லாத முள் விதியையும் நான்தான் கண்டிப்பாகப் பார்க்கிறேன், அந்த முள் சில நேரம் வாய்க்குள் நகர்ந்து நகர்ந்து பெரிய காயம் பண்ணுவதையும் நான்தான் பார்த்திருக்கிறேன். குட்டிப் பல் உள்ள முள் ஒரே இடத்தில் நிற்கும் என்பவர்களோடு எனக்குச் சண்டை போட முடிவதில்லை. பலகையில் கூடாது என்று இருக்கிறது, அதனால் அனுமதிப்பதில்லை.

போன வாரம் அந்தத் தம்பி மறுபடி வந்தார். நான் கேட்பதற்குள் தூண்டிலை நீட்டி, "இழுத்துப் பாருங்கண்ணே" என்றார். பலகையைப் படித்துவிட்டார் போல. இழுத்தேன், ஈயம் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. இரண்டாவதையும் இழுத்தேன், அதுவும் விழுந்தது. ஹூக்லிங்கைப் பார்த்தேன், 10 பவுண்டு என்றார். பிவிஏ டேப் சுற்றுவதைக் காட்டினேன், கவனமாகப் பார்த்துக்கொண்டார், இது முன்னாடியே தெரிந்திருந்தால் எத்தனை ஈயம் மிஞ்சியிருக்கும் என்றார்.

நாணலில் கிடைத்த கிளிப் அப்போது என் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டி, இது உங்களுடையதா என்று கேட்கலாம். அவருடையது என்றால் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லை என்றால் நான் தெரிந்துகொள்ளலாம். கை பைக்குள் போனது, டேப் உருளையைத்தான் எடுத்து, மிச்சத்தையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் கொடுத்தேன். அவர் வீசப் போனார். ஈயம் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன், நாணலிலிருந்து நல்ல தூரத்தில்தான் விழுந்தது.