தக் ஃபோ கம்பன்

டென்மார்க்கில் முதல் இரண்டு வருடம் என்னோடு முகம் கொடுத்துப் பேசியவர்கள் இரண்டே பேர். ஒருவர் மொழிப் பள்ளிக்கூட ஆசிரியை. அவவுக்கு அதற்குச் சம்பளம். மற்றவர் பட்மின்ரன் கிளப்பின் திறப்பை வைத்திருந்த கிழவர்.

நான் போய்ச் சேர்ந்தது யூலாந்தில் ஒரு சின்ன ஊர். 2010 மாரிகாலம். பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். கோயில் இல்லை, தமிழ்க்கடை இல்லை, ஆனால் மண்டபம் இருந்தது. அங்கே எவ்வளவு சின்ன ஊரிலும் பட்மின்ரன் கோடு கீறிய ஒரு மண்டபத்தைக் காணலாம். எங்கள் கிளப்பில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. செவ்வாய்க்கிழமை யார் கதவு திறப்பது, யார் கேக் கொண்டுவருவது என்று சுவரில் ஒரு பட்டியல் தொங்கும், அவ்வளவுதான். முதல் நாள் நான் வீதியில் போட்ட சப்பாத்தோடு உள்ளே போய்த் தரை முழுக்கக் கறுப்பாக இழுத்துவிட்டேன். கிழவர் ஏசவில்லை. ஒரு துணியைக் கொண்டுவந்து கையில் தந்தார். துடைத்தேன். அடுத்த மாதம் என் பெயரும் பட்டியலில் இருந்தது. என் முறைக்குக் கேக்குக்குப் பதிலாகக் கடலை வடை சுட்டுக்கொண்டு போனேன். தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அவர்களுக்கு இந்த விளையாட்டில் இரண்டு சொல் உண்டு. வீட்டு முற்றத்தில் சும்மா தட்டினால் ‘ஃபியர்பொல்ட்’. பிரித்தால் அப்படியே நம் இறகுப்பந்துதான். மண்டபத்துக்குள் வந்து புள்ளி எண்ணத் தொடங்கினால் அது பட்மின்ரன். ஆட்டம் முடிந்ததும் வலைக்குக் கிட்ட வந்து கைகொடுத்து, ‘தக் ஃபோ கம்பன்’ என்பார்கள். ஆட்டத்துக்கு நன்றி என்று பொருள். அது விளங்கும்வரை, இந்தச் சனம் ஒவ்வொரு செவ்வாயும் கம்பனுக்கு ஏன் நன்றி சொல்லுது என்று யோசித்துக்கொண்டு திரிந்தேன்.

மண்டப வாசலில் போல்-எரிக் ஹோயரின் படம் மாட்டியிருந்தது. 1996 அற்லாண்டா ஒலிம்பிக்கில் ஆண்கள் ஒற்றையரில் தங்கம் வென்றவர். பிறகு உலக பட்மின்ரன் சம்மேளனத்துக்கே தலைவராக இருந்தார். அந்த வயதுக்காரர் எல்லாருக்கும் அன்று தாங்கள் எங்கே இருந்து பார்த்தோம் என்று சொல்ல ஒரு கதை இருக்கும். ஒருநாள் கிழவர் என்னிடமும் கேட்டார், “நீ அன்றைக்கு எங்கே இருந்தாய்?”

எனக்குக் கணக்குப் பார்க்க வேண்டி வரவில்லை. அந்த இறுதியாட்டம் ஓகஸ்ட் 1. ஜூலைக் கடைசியில் கிளிநொச்சியை நோக்கி இராணுவத்தின் ‘சத்ஜய’ நடவடிக்கை தொடங்கிவிட்டது. சைக்கிளில் அரிசி மூட்டையும் அம்மம்மாவின் தைலப் போத்தலுமாக நாங்கள் ஸ்கந்தபுரம் பக்கம் நடந்துகொண்டிருந்த கிழமை அது. எனக்குப் பதினொரு வயது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்ட காலம். அதில் பட்மின்ரன் எங்கே வரப்போகிறது? இதையெல்லாம் சொல்ல என்னிடம் அப்போது டேனிஷ் இருக்கவில்லை. “ரோட்டில்” என்றேன். கிழவர் தலையாட்டிவிட்டு வலையைக் கட்டப் போனார்.

2023 ஓகஸ்டில் உலகச் சம்பியன்ஷிப் கொப்பன்ஹேகனுக்கே வந்தது. கிளப்பில் பாதிப் பேர் போனார்கள். நான் அந்த நேரம் பார்த்து கிளிநொச்சிப் பக்கம் உருத்திரபுரத்தில் நின்றேன், மச்சாளின் கல்யாணத்துக்கு. இரணைமடுத் தண்ணியில் செய்த சிறுபோகம் வெட்டி முடியும் நேரம். சோளகக் காற்று கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

25ஆம் திகதி இரவு காலிறுதி: டென்மார்க்கின் விக்ரர் அக்செல்சனும் இந்தியாவின் பிரணாயும். மச்சானின் மகனுடைய கைபேசியைத் தண்ணிக் குடத்தில் சாத்தி வைத்துவிட்டு ஏழெட்டுப் பேர் சுற்றியிருந்தோம். வெட்டு மிசின் வைத்திருக்கும் பக்கத்து வளவு அண்ணைதான் அங்கே நிபுணர். “உவன் அக்செல்சன் ஆறடிக்கு மேல. தலைக்கு மேல தூக்கிக் குடுத்தால் கதை முடிஞ்சுது. நெஞ்சுக்கு அடிக்கோணும்.” பெடியன் விடவில்லை. “அண்ணை, போன வருசம் தொடர்ந்து 39 ஆட்டம் வென்றவன். நெஞ்சுக்கு அடிச்சால் வாங்கிக்கொண்டு நிப்பானே?”

முதல் சுற்று 21-13, அக்செல்சனுக்கு. பெடியன் சொன்னது சரி போலத்தான் தெரிந்தது. அதே நாள் இந்தியாவின் சாத்விக்-சிராக் சோடியும் டென்மார்க்கின் அஸ்ட்ரப்-ராஸ்முசன் சோடியிடம் தோற்றிருந்தது. முற்றம் சோர்ந்துபோனது. அங்கே எல்லாரும் பிரணாயின் பக்கம்தான். திருவனந்தபுரத்துக்காரன், முப்பத்தொரு வயது, அதுவரை உலகச் சம்பியன்ஷிப் பதக்கம் இல்லை. “நீங்கள் ஆருக்கு, மாமா?” என்று பெடியன் கேட்டான். நல்லாய் விளையாடுறவனுக்கு என்று மழுப்பினேன்.

இரண்டாம் சுற்றைப் பிரணாய் 21-15 என்று எடுத்தான். மூன்றாவதில் அக்செல்சன் ஒரு பந்தை வலையில் போட்டபோது, என்னைக் கேளாமலே என் வாயிலிருந்து வந்தது: “கொம் ஸோ, விக்ரர்!” ‘வா, அப்படித்தான்’ என்று உற்சாகப்படுத்துகிற டேனிஷ். மண்டபத்தில் கத்திப் பழகிய குரல். ஏழெட்டுத் தலையும் திரும்பின. குசினிக்குள் இருந்து மாமி, “என்னவாம் அவன்?” என்றா.

மச்சான் சிரித்துச் சிரித்து இருமினான். “உன்ர விக்ரர் டென்மார்க்கிலயே இல்லையடா. துபாயிலயெல்லோ இருக்கிறான்.”

உண்மைதான். ஓடென்சவில் பிறந்தவன், 2021இல் தோக்கியோ ஒலிம்பிக் தங்கம் கிடைத்த கையோடு துபாய்க்குக் குடிபோய்விட்டான். போனது சரியா பிழையா என்று கிளப்பில் ஒரு மாரி முழுக்கக் கதைத்தார்கள். நான் அந்தக் கதையில் வாய் திறக்கவில்லை. ஊரைவிட்டுப் போனவனைப் பற்றி நான் என்னத்தைச் சொல்ல?

21-16. சொந்த ஊர்ச் சனத்துக்கு முன்னால் நடப்புச் சம்பியன் வெளியே. முற்றத்தில் வெடி கொளுத்தாத குறை. அடுத்த நாள் அரையிறுதியில் தாய்லாந்தின் குன்லவுத்திடம் பிரணாய் தோற்று வெண்கலத்தோடு நின்றான். கடைசியில் பட்டமும் குன்லவுத்துக்குத்தான். ஆனால் எங்கள் முற்றத்தில் அதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. ஒரு கிழமையாக எல்லாரும் ‘கொம் ஸோ’ என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். மாட்டைச் சாய்க்கவும் அதையே சொன்னார்கள்.

சாமான்களோடு ஒரு குழாய் ஷட்டிலும் கொண்டுபோயிருந்தேன், நல்ல வாத்திறகு. சோளகம் எழும்ப முந்தி ஆடுவோம் என்று விடிய ஆறு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் பெடியனோடு வலை கட்டினேன். நான் அடித்ததெல்லாம் கோட்டுக்கு வெளியே. பெடியன் குழாயின் மூடியைப் பார்த்தான். “இதில 78 எண்டு கிடக்கு, மாமா. இது குளிருக்கு ஓடுற ஷட்டில். எங்கட வெக்கைக்கு 76தான் சரி.” குளிரில் காற்று அடர்த்தி, இழுத்துப் பிடிக்கும். சூட்டில் பிடிக்க ஆளில்லாமல் ஷட்டில் பறந்துவிடும். பதின்மூன்று வருடம் விளையாடியும் நான் அந்த வேக இலக்கத்தைப் பார்த்ததில்லை. அங்கே அதைக் கிழவர்தான் வாங்குவார்.

இறகு நுனிகளை மடித்துப் பார்த்தோம். கொஞ்சம் அடங்கியது. அப்படியும் 21-15 என்று தோற்றேன். வலைக்குக் கிட்டப் போய்க் கைகொடுத்துப் பழக்கதோசத்தில் சொன்னேன், “தக் ஃபோ கம்பன்.”

பெடியன் உயர்தரத்தில் தமிழ் படிக்கிறவன். “கம்பரோ?” என்றான். “அவர் எங்க இதுக்குள்ள வந்தவர்?”