ஆர் கரையிறது?

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிச் சங்கச் செயலாளர் மூன்று முறை தொலைபேசி எடுத்துவிட்டார். கிரிக்கெட் மட்ச், விடுதிச் சாப்பாடு, மதிலேறிப் பாய்ந்த கதை எல்லாவற்றையும் போன வருட மலர்களிலேயே மற்றவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு செத்த பற்றறி. அதைப் பற்றி எழுதுகிறேன்.

1991ஆம் ஆண்டு. நாங்கள் ஆண்டு 10. போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்று ஒரு வருடமாகியிருந்தது. அரசாங்கம் தடைசெய்த பொருட்களின் பட்டியலில் பற்றறியும் இருந்ததால், வீட்டில் ஒரு சோடி நல்ல பற்றறி இருந்தால் அதை அலுமாரிக்குள் நகையோடு வைத்துப் பூட்டுகிற காலம். இருட்டில் ரோச் அடிப்பதென்றால் பாம்பைக் கண்டால்தான். மற்றப்படி ஜாம் போத்தலுக்குள் திரியும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்ட விளக்குத்தான். இரவுச் செய்தி கேட்க எங்கள் சித்தப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார். நானும் தம்பியும் முறை வைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். முக்கியமான இடத்தில்தான் எப்போதும் கை ஓயும்.

செத்த பற்றறியை எறிகிற வழக்கம் ஒருவரிடமும் இருக்கவில்லை. அம்மா கிணற்றுக்கட்டில் வரிசையாக அடுக்கி வெயிலில் காயவிடுவா. பக்கத்து வீட்டில் உப்புத் தண்ணீரில் போட்டு அவிப்பார்கள். சித்தப்பா இன்னும் ஒரு படி மேலே போய், ஆணியால் துளை போட்டு உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துளையை மெழுகால் அடைப்பார். ஏதோ ஒரு விதத்தில் அது வேலையும் செய்தது. கால் மணித்தியாலம், அரை மணித்தியாலம் றேடியோ முனகும். ஏன் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அந்த நாட்களில்தான் எங்கள் இரசாயன ஆசிரியர் ஒரு நாள் காலையில் வகுப்புக்குக் கையில் ஒரு குறட்டோடும் ஒரு செத்த பற்றறியோடும் வந்தார். அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால் தொலைபேசியில் பேச்சு வாங்க வேண்டிவரும். எங்கள் காலத்தவர்களுக்கு ஆளைத் தெரியும்.

மேசையில் ஒரு பழைய பேப்பரை விரித்து, பற்றறியின் வெளித் தகரத்தைக் குறட்டால் உரித்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு குவளை. அதுதான் நாகம், துத்தநாகம் என்கிற உலோகம். குவளைக்குள் கன்னங்கரிய களி: மங்கனீசீரொட்சைட்டும் கரித்தூளும் அமோனியங் குளோரைட்டும் குழைத்தது. நடுவில், பித்தளைத் தொப்பி போட்ட காபன் கோல். கோலை உருவித் துடைத்து வைத்தார். அது எங்களுக்குப் பழக்கமான சாமான், றோட்டில் விக்கெற் கீறப் பாவிப்போம். பிறகு நாகக் குவளையை விரித்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். புதிதாக இருந்தபோது சீரான தடிப்பில் இருந்திருக்க வேண்டிய தகடு, சில இடங்களில் காகிதம்போல மெலிந்திருந்தது. இரண்டு மூன்று இடங்களில் ஓட்டை விழுந்து, அதற்குள்ளால் வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்தது.

"வடிவாப் பாருங்கோ. ஆர் கரையிறது?" என்று கேட்டார்.

"நாகம், சேர்."

"அவ்வளவுதான் பாடம். மிச்சமெல்லாம் இதுக்கு விளக்கம்."

அவர் சொன்னதுபோல அது அவ்வளவு லேசாக முடியவில்லை. அடுத்த கிழமை ஆய்வுகூடத்தில் எளிய கலம், அதாவது இரசாயனத் தாக்கத்தால் மின்னோட்டம் தருகிற சாமான், செய்தபோதே எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது.

அமிலம் வாகனம் திருத்துகிற ஒரு கராச்சிலிருந்து வந்தது. ஓட்டமில்லாமல் நின்ற ஒரு லொறியின் பற்றறி அமிலம் அது. "தண்ணிக்குள்ள அமிலத்தை விடு, அமிலத்துக்குள்ள தண்ணியை விடாதை" என்று பத்துத் தரமாவது சொல்லிக்கொண்டு அவரே ஐதாக்கினார். நாகத் தகடு, அந்தச் செத்த பற்றறியின் குவளையிலிருந்து வெட்டியது. செப்புத் தகடு பழைய பெட்டியில் கிடந்தது. வயருக்குப் பஞ்சமில்லை, எல்லா வீட்டுச் சுவரிலும் கரண்ட் வராத வயர் சும்மாதானே கிடந்தது.

முதலில் நாகத்தை மட்டும் முகவைக்குள் விட்டார். குமிழி வந்தது. செப்பை மட்டும் விட்டார். ஒன்றுமில்லை. இரண்டையும் தொடாமல் பக்கம் பக்கமாக விட்டாலும் அதே கதைதான். பிறகு இரண்டையும் வயரால், மின்னோட்டத்தை ஊசியால் காட்டும் கல்வனோமானியோடு தொடுத்தார். ஊசி ஒரு பக்கம் பாய்ந்தது. அதைவிட ஆச்சரியம், அதுவரை சும்மா நின்ற செப்பில் குமிழி பொரியத் தொடங்கியது.

முன் வாங்கில் இருந்தவன் எழும்பி, "சேர், செப்புத்தான் கரையிறது" என்றான். பாதி வகுப்பு அவன் பக்கம். நானும் அந்தப் பாதியில்தான். குமிழி வருகிற இடத்தில்தானே வேலை நடக்கிறது? நாகத்தை அமிலத்தில் போட்டபோது நாகத்தில்தானே குமிழி வந்தது?

அவர் மறுத்துப் பேசவில்லை. இரண்டு தகட்டையும் கழுவித் துடைத்து, மருந்துத் தராசில் நிறுத்து, திரும்பவும் விட்டு வைத்தார். அடுத்த பாடவேளை முடிய எடுத்து நிறுத்தார். செப்பு இம்மியும் குறையவில்லை. நாகம் குறைந்திருந்தது.

அப்புறம்தான் விளக்கம். நாக அணு ஒவ்வொன்றும் கரைசலுக்குள் இறங்கும்போது இரண்டு இலத்திரன்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டு இறங்குகிறது. விட்டுப்போன இலத்திரன்களுக்குத் தகட்டில் நெரிசல். வயர் ஒன்று இருந்தால் அதற்குள்ளால் செப்புக்குப் போகும். செப்பில் நின்று காத்துக்கொண்டிருக்கிற ஐதரசன் அயன்கள், அதாவது இலத்திரனை இழந்த ஐதரசன் அணுக்கள், அவற்றை வாங்கி, இரண்டிரண்டாகச் சேர்ந்து வாயுவாக மேலே கிளம்பும். குமிழி செப்பில், கரைவு நாகத்தில். கொடுப்பவன் ஓரிடம், வாங்குபவன் ஓரிடம், நடுவில் வயர். இரண்டும் ஒரே இடத்தில் நடந்தால் முகவை சுடும், அவ்வளவுதான். இடத்தைப் பிரித்து, இலத்திரனை வெளி வழியால் சுற்றிப் போக வைத்தால் அதைத்தான் மின்னோட்டம் என்கிறோம். நான் இன்றைக்கும் யாருக்காவது கலம் விளங்கப்படுத்துவதென்றால் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவேன். "அமிலத்துக்குள்ளே மின்சாரம் இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டு பல்கலைக்கழகம் வரை போனவர்களைக் கண்டிருக்கிறேன்.

இதற்கிடையில் ஊசி மெல்ல மெல்லக் கீழே இறங்கியிருந்தது. எல்லாரும் அமிலம் முடிந்துவிட்டதென்று நினைத்தோம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கோழி இறகை எடுத்தார். அதற்கென்றே வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார், மனிசன்! செப்பை அந்த இறகால் தடவிக் குமிழிகளை உதிர்த்தார். ஊசி திரும்ப ஏறியது. இரண்டு நிமிடத்தில் திரும்ப இறங்கியது. குமிழிகள் செப்பைப் போர்வைபோல மூடிவிட்டால், ஐதரசன் அயன் செப்பை எட்ட முடியாது. இதற்குப் பெயர் முனைவாக்கம். அந்தச் சொல்லை அன்றைக்குப் பிறகு நான் பாடமாக்கவே இல்லை, கோழி இறகை நினைத்தால் போதும்.

கிணற்றுக்கட்டுப் பற்றறியின் மர்மமும் அங்கேதான் அவிழ்ந்தது. பற்றறிக்குள் மங்கனீசீரொட்சைட்டு இருப்பதே இந்த ஐதரசன் தொல்லையைத் தீர்க்கத்தான். ஆனால் அது மெதுவாக வேலை செய்கிற ஆள். ரோச்சை விடாமல் அடித்தால் அதனால் ஈடுகொடுக்க முடியாது. ஓய்வு கொடுத்தால், அதிலும் வெயிலில் வைத்துச் சூடாக்கினால், தேங்கினதெல்லாம் பரவிக் கலைந்து கலம் கொஞ்சம் மூச்சு விடும். சித்தப்பாவின் ஆணித் துளை வேறு வைத்தியம்: களி காய்ந்துபோனால் அயன்கள் நகர வழியில்லை, உப்புத் தண்ணீர் அந்த ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. "நாகம் மிஞ்சியிருந்தால்தான் வைத்தியம் பலிக்கும். ஓட்டை விழுந்ததை வெயிலில் வைச்சால் வெயிலுக்குத்தான் நட்டம்" என்றார். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு உது முந்தியே தெரியும்" என்றா.

அன்றைக்கு அம்மாவிடம் இன்னொரு காரணத்துக்காகவும் பேச்சு வாங்கினேன். ஆய்வுகூடத்தில் வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு அமிலம் தெறித்தது. ஐதான அமிலம்தானே என்று துடைத்துவிட்டு வந்துவிட்டேன். தண்ணீர் உலர உலர அமிலம் செறிவாகும் என்பதை யோசிக்கவில்லை. பின்னேரம் பார்த்தால் பொக்கற்றுக்குக் கீழே சுண்டுவிரல் போகிற அளவில் ஓட்டை. சவர்க்காரத்துக்கே தட்டுப்பாடான காலத்தில் சட்டைக்கு எங்கே போவது? அந்த ஒட்டுப் போட்ட சட்டையோடுதான் பத்தாம் ஆண்டை முடித்தேன். எங்கள் வகுப்புப் படத்தில் இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தேசபக்தன்போல நிற்பது அதனால்தான்.

முனைவாக்கத்தை அடியோடு ஒழித்தது தானியல் கலம். ஐதரசனே வராமல் செய்துவிட்டால் குமிழிப் போர்வையும் வராது. செப்பை அமிலத்துக்குப் பதில் செப்புச் சல்பேற்றுக் கரைசலில், அதாவது எங்கள் ஊர்த் துருசுக் கரைசலில் வைக்க வேண்டும். நாகம் நாகச் சல்பேற்றில். இலத்திரனை இப்போது செப்பு அயன்களே வாங்கி, செப்பாகத் தகட்டில் படிகின்றன. இரண்டு கரைசலும் கலக்கவும் கூடாது, தொடர்பில்லாமல் இருக்கவும் கூடாது. அதற்கு மெருகிடாத நுண்துளைப் பாத்திரம் வேண்டும். ஆய்வுகூடத்தில் இருந்தது உடைந்துவிட்டது. அவர் சந்தையில் ஒரு சின்ன மண்முட்டி வாங்கிவந்தார். பொங்கலுக்குச் சிறுவர்கள் விளையாட்டாகப் பொங்குகிற அளவு முட்டி. முட்டிக்குள் நாகம், வெளியே துருசுக் கரைசலில் செப்பு. ஊசி ஏறியது, மத்தியான மணி அடிக்கும்வரை அப்படியே நின்றது. இலத்திரனை இழுக்கிற வலுவைக் காட்டும் மின்வாயழுத்தம் செப்புக்கு 0.34, நாகத்துக்கு மறை 0.76, வித்தியாசம் 1.10 வோல்ற்று. அந்த இலக்கங்களை உயர்தரத்தில்தான் படித்தோம் என்றாலும், அவர் அன்றைக்கே பலகையின் மூலையில் எழுதிவிட்டு, "பிறகு தேவைப்படும்" என்று அழிக்காமல் விட்டார்.

தவணைப் பரீட்சையில் இவ்வளவும் விளங்கிய நான் கோட்டை விட்டேன். மின்பகுப்பில், அதாவது வெளியிலிருந்து மின்சாரம் விட்டுக் கரைசலைப் பிரிக்கும்போது, அனோட்டு என்ற தகடு நேர் என்று படித்ததைக் கலத்துக்கும் எழுதிவைத்தேன். கலத்தில் அனோட்டு மறை. எட்டுப் புள்ளி போயிற்று. விடைத்தாளைத் தரும்போது அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஆர் கரையிறது?" நாகம். அப்படியென்றால் இலத்திரனை இழக்கிற ஒட்சியேற்றம் அங்கே, அது நடக்கிற அனோட்டும் அங்கே. இலத்திரனை விட்டுவிட்டுப் போனதால் அந்தத் தகடு மறை. குறியைப் பாடமாக்காதே, வேலையைப் பார். அனோட்டு, அதற்கு எதிர்த் தகடான கதோட்டு என்ற பெயர்களை 1834இல் விஞ்ஞானி பரடே பாவனைக்குக் கொண்டுவந்தபோது இப்படி எத்தனை பிள்ளைகளின் புள்ளியைக் கொண்டுபோகப் போகிறோமென்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்த வருடக் கடைசியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து தேசிக்காயில் மணிக்கூடு ஓட்டினோம். பொத்தான் பற்றறி செத்து, இலக்கம் மறைந்துபோன டிஜிற்றல் மணிக்கூடு ஒன்று நண்பனிடம் இருந்தது. ஒரு தேசிக்காயில் நாகத் துண்டும் செப்பு வயரும் குத்தித் தொடுத்தோம். ஒன்றும் வரவில்லை. ஒரு காய் ஒரு வோல்ற்றை எட்டாது, மணிக்கூடு ஒன்றரை கேட்கும். இரண்டு காயைத் தொடராக இணைத்தோம். கண்ணாடியில் முதலில் சாம்பல் நிழல், பிறகு நாலு இலக்கங்களும் பளிச்சென்று வந்து, நடுப்புள்ளி துடிக்கத் தொடங்கியது. நேரம் என்னவோ பிழைதான். ஆனாலும் அந்த மணிக்கூடு எங்கள் கைகளில் வகுப்பு வகுப்பாக ஊர்வலம் போனது.

இப்போது நான் இருப்பது லண்டன். முந்தி வேலைக்குப் போகும் பஸ் ஸ்ட்ராண்ட் வீதியால் போனது, அங்கேதான் கிங்ஸ் கல்லூரி. 1831இல் அதன் முதல் இரசாயனப் பேராசிரியராக வந்தவர் ஜோன் பிரடெரிக் தானியல். 1836இல் அவர் செய்த கலம்தான் பிறகு தந்திக் கம்பிகளுக்கு உயிர் கொடுத்தது. பல வருடம் அந்த வாசலைத் தெரியாமலே கடந்திருக்கிறேன். தெரிந்த நாளில் எனக்கு நினைவில் வந்ததென்னவோ அந்த மண்முட்டிதான்.

போன மாதம் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அதே பாடம். சமையலறை மேசையில் இரண்டு எலுமிச்சம்பழம், நாகம் பூசிய ஆணி, செப்பு வயர், ஒரு மலிவு மணிக்கூடு. ஓடியது. அவள் சந்தோசத்தில் துள்ள, நான் அந்தச் சூட்டோடு ஊருக்கு, சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். குரல் தளர்ந்திருந்தது. கேள்வி தளரவில்லை.

"ஆணியை முதல்ல நிறுத்தனியளோ?"

நிறுக்கவில்லை. சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது என்று சமாளித்தேன். அப்படியென்றால் ஒரு கிராம் கரையுமட்டும் விட்டு வை என்றார். தொலைபேசியை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் நாகத்தில் ஏறக்குறைய 2950 கூலோம் இருக்கிறது. மணிக்கூடு இழுப்பது மைக்குரோ அம்பியர் கணக்கில். ஆண்டுக்கணக்காக ஓடும். மகள் கல்யாணமே கட்டிவிடுவாள். திரும்ப எடுத்து அவரிடம் சொன்னேன்.

சிரித்தார். "கணக்குச் சரி. ஆனா பழத்தைப் பார்க்கேல்லை நீ. மணிக்கூட்டுக்கெண்டு கரையிறது கொஞ்சம், அமிலத்துக்குள்ள சும்மா கரையிறதுதான் கனக்க. அதுக்கு என்ன பேர்?"

"உள்ளிடத்தாக்கம், சேர்."

"ம். ஆணியைக் கழுவி வை. பழத்தைப் பிள்ளை குடிச்சிடாமப் பார்."