கால் எங்கம்மா?

எங்கள் ஆபீசில் பழைய ஷிப்பிங் பில் நகல்களை அவ்வப்போது எடைக்குப் போடுவார்கள். அதற்கு முந்தின நாள் ஒரு கட்டை நான் ஓரங்கட்டி வைத்துவிடுவேன். மேனேஜருக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். ஒரு பக்கம் கன்டெய்னர் எண்ணும் சரக்கின் எடையும் இருக்கும், மறுபக்கம் சுத்தமான வெள்ளை. நாலாக மடித்துக் கிழித்து, மேலே இரண்டு பின் அடித்தால் கைப்பையில் அடங்கும் நோட்டு ரெடி. ஆறு வருஷமாக அதில்தான் வரைகிறேன். தங்கச்சி மகள் என் பிறந்தநாளைக்கு நல்ல டிராயிங் நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தாள். தடிமனான தாள், கறுப்பு அட்டை, ஓரத்தில் எலாஸ்டிக். அதைத் திறந்தாலே கை விறைத்துக்கொள்கிறது. பில்லின் முதுகு என்றால், கெட்டால் கெட்டுப் போகட்டும்.

பேனா சாதாரண நீல பால்பாயிண்ட். பென்சில் வைத்திருந்தால் ரப்பரைத் தேடும். ரப்பரை எடுத்து ஊதி முடிப்பதற்குள் எதிரே இருந்தவர் வண்ணாரப்பேட்டையில் இறங்கிப் போயிருப்பார். பால்பாயிண்டில் ஒரே ஒரு தொல்லை, வெயில் காலத்தில் நுனியில் மை திரண்டு திட்டுத் திட்டாக விழும். புடவைத் தலைப்பின் உள்பக்கத்தைப் பார்த்தால் நான் வரைகிறவள் என்று யாரும் சொல்லிவிடலாம்.

சென்னை மின்சார ரயிலில் தண்டையார்பேட்டையில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குகிறேன். நடுவில் கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம். சிக்னலில் நிறுத்திப் போடாவிட்டால் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த 20 நிமிடமும் திரும்பி வரும் 20 நிமிடமும்தான் என் ஓவியப் பள்ளி. ஸ்கூலில் படிக்கும்போது ஃப்ரீஹேண்ட் லோயர் என்ற டிராயிங் பரீட்சை பாஸ் செய்தேன். நடுவில் ஒரு கோடு இழுத்து, குடத்தின் இடது பாதி எப்படியோ அப்படியே வலது பாதியும் வரைய வேண்டும். குடம் நகராது. கொட்டாவி விடாது. ‘இன்னாக்கா என்னையே பாத்துனுகீறே’ என்று கேட்காது. அதனால் ஆளை வரைய ஆரம்பித்தபோது அந்த சர்ட்டிபிகேட் எந்த உதவிக்கும் வரவில்லை. முதல் மூன்று வருஷம் வரைந்ததெல்லாம் முகம்தான். மூக்கு, கண், கண்ணுக்குள் பாப்பா, பாப்பாவில் ஒரு வெள்ளைப் புள்ளி. கீழே கழுத்து வரை வந்து நின்றுவிடும். பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்காரி மாதிரி தலைகளாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

அதை உடைத்தவர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு பெரியவர்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, மீன் குஞ்சு பொரிக்கிற காலம். முன்பு 45 நாளாக இருந்தது, இப்போது 61 நாள். ஃபைபர் படகுகள் போய்வரும், ஆனால் பெரிய படகுகள் எல்லாம் துறைமுகத்துக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். வீட்டில் அந்த இரண்டு மாதமும் எப்படிப் போகும் என்று மீன்பிடிக்கிற குடும்பங்களைத்தான் கேட்க வேண்டும். வரைகிறவளுக்கு மட்டும் அது வசதியான சீசன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. மற்ற நாளில் விடிகாலை ஏலத்தின்போது அங்கே நின்று வரைய முடியாது. கூடை இடிக்கும், ஐஸ் தண்ணி காலில் ஓடும், ‘ஒத்து ஒத்து’ என்று ஒரு தள்ளுவண்டி முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். தடைக்காலத்தில் ஆட்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து வலை பின்னுவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் போனேன். ஒரு பொம்பளை நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆம்பளைகளை உற்று உற்றுப் பார்ப்பது நம் ஊரில் சாதாரண விஷயமில்லை. முதலில் பேங்கு ஆள் என்று நினைத்தார்கள், பிறகு கணக்கெடுக்க வந்த கவர்மெண்ட் ஆள் என்று. படம் என்று தெரிந்ததும் பையன்கள் நாலு பேர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, ‘மூக்கு கரெக்ட்டு’, ‘காது கொஞ்சம் பெர்ஸு’ என்று நேரடி வர்ணனை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பெரியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். பச்சை வலைக் குவியல் மேல், பனியனோடு, கைலியைத் தொடை வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் வரைந்தேன். முகச்சுருக்கம், வலை ஊசி பிடித்த வலது கை, நைலான் நூலை இழுத்து முடிச்சை இறுக்கும் இடது கை. திருப்தியாக இருந்தது. நீட்டினேன். பேனா மையின் வாசனையை முகர்வது போல முகத்துக்கு ரொம்பக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“மூஞ்சி நல்லாதான் கீது. கால் எங்கம்மா?”

“காகிதத்துல எடம் பத்தலண்ணா.”

“கால் இல்லன்னா வலைய யாரு புடிக்கிறது? இதுல நான் சும்மா கைய ஆட்டிக்கினு குந்தினுகீறேன்.”

அப்போதுதான் பார்த்தேன். இடது கால் கட்டைவிரலை வலையின் ஒரு கண்ணிக்குள் மாட்டி, காலை நீட்டி, வலையை விறைப்பாக இழுத்து வைத்திருந்தார். அந்த இழுப்பு இருந்தால்தான் கிழிசலின் வாய் திறந்து நிற்கும், ஊசி நுழையும். கிழிசல் நகர நகர விரல் ஒவ்வொரு கண்ணியாக மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரலின் உள்பக்கம் நூல் அறுத்து அறுத்துக் காய்ப்பு ஏறி, நடுவில் பள்ளமாக ஒரு கோடு. முதுகு பின்னால் சாய்ந்திருந்ததும், கழுத்து முன்னால் வந்திருந்ததும், இடது தோள் இறங்கியிருந்ததும் அந்த ஒரு விரலால்தான். நான் அரை மணி நேரமாக விளைவை எல்லாம் வரைந்துவிட்டுக் காரணத்தை விட்டிருக்கிறேன்.

அன்று பஸ்ஸில் வரும்போது நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஒருத்தருக்கும் கால் இல்லை.

அடுத்த வாரம் மெரினாவுக்குப் போய் உழைப்பாளர் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நம் ஓவியக் கல்லூரியில் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து, 1959-ல் வைத்தது. நாலு பேர் பாறையைப் பெயர்க்கிறார்கள். சின்ன வயதிலிருந்து நூறு தடவை பஸ்ஸில் கடந்திருப்பேன், எப்போதும் கண் போனது கைக்கும் தசைக்கும்தான். இந்தத் தடவை கால்களை மட்டும் பார்த்தேன். பாறை நகருமோ நகராதோ, அந்தக் கால்கள் ஊன்றிய ஊன்றலில் தரை நகர்ந்துவிடும் போலிருந்தது. சுண்டல்காரப் பையன் என்னையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு யாரை வரைந்தாலும் முதல் கேள்வி, எடை எங்கே இறங்குது? நிற்கிறவர் என்றால் எந்தக் கால், உட்கார்ந்திருந்தால் எந்தப் பக்கத்து இடுப்பு, கம்பியைப் பிடித்துத் தொங்கினால் எந்தத் தோள். அங்கே ஒரு அழுத்தமான கோடு. அதற்கப்புறம் தோள் சாய்வுக்கு ஒன்று, இடுப்புச் சாய்வுக்கு ஒன்று. ஒருத்தர் ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றால் அந்தப் பக்கத்து இடுப்பு மேலே ஏறும், அதே பக்கத்துத் தோள் கீழே இறங்கும். இதைப் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாகக் கொஞ்ச நாள் பெருமையாகத் திரிந்தேன். எழும்பூர் மியூசியத்தின் வெண்கலக் கூடத்தில் போய் நின்றதும் அந்தப் பெருமை இறங்கியது. ஸ்தபதிகள் இதற்குப் பேரே வைத்திருக்கிறார்கள். நேராக நின்றால் சமபங்கம், கழுத்து, இடுப்பு, முழங்கால் என்று மூன்று இடத்தில் ஒடிந்து நின்றால் திரிபங்கம். சோழர் காலத்துப் பார்வதி நிற்கிறாளே, அந்த நிற்பு.

கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் இடத்தில் தினம் பத்துத் திரிபங்கம் பார்க்கலாம். இடுப்பில் குழந்தை, மறு கையில் கட்டைப்பை, தலை ஆட்டோ வரும் திசைக்குத் திரும்பியிருக்கும். குழந்தை கனத்தால் இடுப்பு ஒடியும், பை கனத்தால் தோள் இறங்கும், ஆட்டோ நிற்காமல் போனால் கழுத்து திரும்பும். ஒரு நாள் மழைத் தூறலில் ஒரு பெண், குழந்தைக்குத் தன் தலைப்பைப் போர்த்தி, செருப்பைக் கழற்றி ஒரு காலை மறு காலின் மேல் வைத்து நின்றாள். ஏழு கோடுதான் போட்டேன், ஆட்டோ வந்துவிட்டது. நான் வரைந்ததிலேயே எனக்குப் பிடித்த படம் அது. முகமே கிடையாது.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று எழுதினால் பொய். பெண்கள் பெட்டியில் ஒரு நாள் எதிர் சீட்டில் ஒருத்தர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். காலியான பூக்கூடை மடியில். வாய் லேசாகத் திறந்திருந்தது. பார்த்தபடியே வரைந்தேன், வாய் உட்பட. பக்கத்தில் இருந்தவர் அவரைத் தட்டி எழுப்பி, “உன்ன இன்னாமோ எழுதறாங்க பாரு” என்றார். வாங்கிப் பார்த்தார்.

“தூங்கறவள வரைவியா நீ? வாயப் பொளந்துனுகீறேன், அதப் போயி... ஒன்ன யாராச்சும் இப்டி வரஞ்சா ஒத்துப்பியா?”

நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து, நாலாகக் கிழித்து, கொருக்குப்பேட்டை பிளாட்பாரம் வருவதற்குள் ஜன்னல் வழியாகப் பறக்கவிட்டார். பெட்டியே என்னைப் பார்த்தது. மன்னிச்சுக்கோங்கக்கா என்றேன். பதில் வரவில்லை.

தூங்குகிறவர்கள்தான் சுலபமான மாடல், அசைய மாட்டார்கள் என்று வரைகிறவர்கள் சொல்வதுண்டு. நான் அன்றோடு விட்டுவிட்டேன். விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து கோயம்பேட்டுக்குப் போய்ப் பூ எடுத்து வந்து விற்று முடித்த உடம்பு, அரை மணி நேரம் யார் பார்வையும் இல்லாமல் கிடக்கட்டும். சரி, முன்கூட்டியே கேட்டுவிட்டு வரையலாமே என்றால், கேட்ட உடனே எல்லாரும் ரேஷன் கார்டு போட்டோவுக்கு உட்காருவது போல நிமிர்ந்துவிடுகிறார்கள். ஆம்பளைகள் மீசையைத் தடவிக்கொள்வார்கள். எனவே என் ஏற்பாடு இது. வரைவேன், கண்டிப்பாகக் காட்டுவேன், கேட்டால் கொடுத்துவிடுவேன். நன்றாக வந்த படங்கள் என்னிடம் இல்லாததற்குக் காரணம் இதுதான் என்று நம்ப வசதியாகவும் இருக்கிறது.

மெட்ரோவில் இன்னொரு கதை. 2021-ல் விம்கோ நகர் வரை நீட்டினார்கள், அவசரத்துக்கு டோல்கேட்டில் ஏறுவேன். ஏசியில் மை ஒழுகாது, அது ஒரு லாபம். சீட்டுகள் நேருக்கு நேர் இரண்டு நீள பெஞ்சு, எதிரே இருப்பவர் நிமிர்ந்தால் என் முகத்தில்தான் கண் விழும். ஆனால் யார் நிமிர்கிறார்கள்? வரிசையாக ஏழு பேரும் செல்போனுக்குக் குனிந்திருப்பார்கள். அவர்கள் புண்ணியத்தில் வகிடு வரையக் கற்றுக்கொண்டேன்.

கையை வரையக் கற்றுக்கொடுத்தது அத்தோ கடை. ஆபீஸ் விட்டதும் செகண்ட் லைன் பீச் பக்கம் போனால் வரிசையாகக் கடைகள். 1962-ல் ராணுவ ஆட்சி வந்த பிறகு பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தமிழர்கள் வியாசர்பாடியில் குடியேறினார்கள். அவர்களோடு வந்த சாப்பாடுதான் அத்தோ. கடைக்காரர் கிண்ணத்தில் மஞ்சள் நூடுல்ஸை அள்ளிப் போடுவார், கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், எண்ணெயில் பொரித்த பூண்டு, மேலே பேஜோ என்ற மொறுமொறு வடையை உள்ளங்கையில் நொறுக்கித் தூவுவார். பிறகு ஐந்து விரலும் உள்ளே போய்ப் பிசையும். ஒரு பிளேட்டுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. அவ்வளவு வேகமான கையை எப்படி வரைவது? முதல் வாரம் கிறுக்கல்தான் மிஞ்சியது. பிறகு பக்கத்தை நாலு கட்டமாகப் பிரித்தேன். அள்ளும் கை, ஊற்றும் கை, நொறுக்கும் கை, பிசையும் கை. ஒவ்வொரு பிளேட்டுக்கும் அந்தந்தக் கை திரும்பி வரும்போது அந்தந்தக் கட்டத்தில் ஒரு கோடு சேர்ப்பது. ஏழெட்டு வாடிக்கையாளர் வந்துபோனால் நாலும் முடிந்துவிடும். வேலை செய்கிறவரை வரைவதில் இதுதான் சௌகரியம், போன நிற்பு திரும்பி வந்தே தீரும். வாழைத்தண்டு சூப்பைக் குடித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் ஒரு எண்ணெய்க் கறை இருக்கிறது. சூப் இரண்டாவது தடவை இலவசமாக ஊற்றியபோது விழுந்தது.

இந்த வருஷம் மே மாதம் மறுபடி காசிமேடு போனேன். பெரியவர் அதே படகின் நிழலில்தான் இருந்தார், வலை மட்டும் நீலம். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும் எதுவும் பேசாமல் எதிரே இருந்த ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டேன். கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தேன். விரல், மாட்டிய கண்ணி, அங்கிருந்து விறைத்து மேலே போகும் வலை, அதன் இன்னொரு முனையில் கை. முதுகு தானாக வந்து சேர்ந்தது. கடைசியில் இடம் பற்றாமல் தலையின் மேல்பாதிதான் காகிதத்துக்கு வெளியே போய்விட்டது.

நீட்டினேன். முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். முதலில் கால்.

“ம். இப்ப புடிச்சினுகீது.”

பிறகு நகத்தால் படத்திலிருந்த வலையை ஒரு இடத்தில் சுரண்டினார்.

“கண்ணிய இம்மாம் பெர்ஸா போட்டுட்டியேம்மா. இதுல வஞ்சிரமே பூந்து போயிருமே, சங்கராவா நிக்கப்போவுது?”

தாளை மடித்து, பீடிக்கட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவருக்குள் செருகிக்கொண்டு, அடுத்த கண்ணிக்கு விரலை மாற்றினார்.