இயற்கை எரிவாயு ஈடிஎஃப்: நவம்பர் மாதக் குறிப்புகள்

நவம்பர் 3

தங்க ஈடிஎஃப் (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் நிதி) வாங்குபவருக்காக ஒரு பெட்டகத்தில் தங்கம் இருக்கிறது. எரிவாயு ஈடிஎஃப் வாங்குபவருக்காக எங்கும் எரிவாயு இல்லை. எரிவாயுவை வற்றிய எண்ணெய் வயல்களிலும் உப்புப் பாறைக் குகைகளிலும் அழுத்தி அடைக்க வேண்டும், இல்லையெனில் மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்துத் திரவமாக்க வேண்டும் என்பதால், நிதி நிறுவனங்கள் அதைக் கையில் வைத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவில் 2007 ஏப்ரலில் தொடங்கப்பட்ட யுஎன்ஜி என்ற எரிவாயு ஈடிஎஃப்பின் முதன்மையான இருப்பு, நைமெக்ஸ் என்னும் அமெரிக்கப் பொருள் சந்தையின் ஹென்றி ஹப் (அமெரிக்க எரிவாயு விலைக்கு அடிப்படையான குழாய்ச் சந்திப்பு) ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்களே, அதாவது பின்னொரு மாதத்தில் தரப்படும் எரிவாயுவுக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்கள். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லாமே தொடங்குகின்றன.

நவம்பர் 6, வியாழன்

அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் வாரந்தோறும் வெளியிடும் சேமிப்பு அறிக்கையின் நாள் இது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கிடங்குகள் நிரம்புகின்றன, நவம்பர் முதல் மார்ச் வரை வெப்பமூட்டும் தேவைக்காகக் காலியாகின்றன. விலையை அசைப்பது இருப்பின் அளவன்று, சந்தை எதிர்பார்த்ததற்கும் வந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசமே. 2022 ஜூனில் அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட் எல்என்ஜி (திரவமாக்கிய எரிவாயு) முனையத்தில் வெடிப்பு நேர்ந்து ஏற்றுமதி தடைபட்டபோது, வெளியேற வழியில்லாத எரிவாயு உள்நாட்டிலேயே தேங்கியதால் அமெரிக்க விலை சரிந்தது. அதே செய்தியால் ஐரோப்பாவில் விலை ஏறியது.

நவம்பர் 12

ரோல் ஓவர் நடக்கும் நாட்கள். காலாவதி நெருங்கும் ஒப்பந்தத்தை விற்று அடுத்த மாத ஒப்பந்தத்தை வாங்கும் இந்த வேலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். ஓர் ஒப்பந்தம் 10,000 எம்எம்பிடியு (எரிவாயுவை அளக்கும் வெப்ப அலகு). ஓர் எம்எம்பிடியுவின் நடப்பு மாத விலை 3.00 டாலர், அடுத்த மாத விலை 3.30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நிதியிடம் 100 ஒப்பந்தங்கள் இருந்தால் அவற்றின் மதிப்பு 30 லட்சம் டாலர். அந்த மதிப்புக்கு அடுத்த மாதத்தில் 90 ஒப்பந்தங்கள்தான் முழுதாகக் கிடைக்கும். பணம் இந்த மாற்றத்தில் குறையவில்லை. ஆனால், எரிவாயுவின் விலை ஒரு மாதம் முழுதும் 3.00 டாலரிலேயே நின்றுவிட்டால், 3.30-க்கு வாங்கிய ஒப்பந்தம் முதிர்வை நெருங்க நெருங்க 3.00-க்கு இறங்கி, விலை அசையாத ஒரு பொருளில் முதலீட்டாளருக்கு ஏறத்தாழ 9 சதவீத இழப்பை உண்டாக்கும். தொலைமாத விலை உயர்ந்திருக்கும் இந்தக் கான்டாங்கோ நிலை எரிவாயுவில் அடிக்கடி வருவது. எதிர்நிலையான பேக்வர்டேஷனில் இதே ரோல் லாபமாகிறது.

நவம்பர் 14

2011, 2012, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் யுஎன்ஜி தன் யூனிட்டுகளை ஒன்றிணைத்தது: முதல் முறை இரண்டை ஒன்றாக, பிறகு மூன்று முறையும் நான்கை ஒன்றாக. தொடக்கத்தில் வாங்கிய 128 யூனிட்டுகள் இன்று ஒரே ஒரு யூனிட். ஹென்றி ஹப் சராசரி விலை 2007-இல் ஏறத்தாழ 7 டாலர், 2024-இல் 2 டாலருக்குச் சற்று மேல். அதாவது எரிவாயு மூன்றில் இரண்டு பங்கு மதிப்பை இழந்த காலத்தில் நிதி 99 சதவீதத்துக்கு மேல் இழந்தது. நீண்ட காலத்துக்கு வாங்கி வைக்கலாம் என்று அறிவுரை சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நவம்பர் 20

மாற்று வழிகளைப் பார்த்தேன். யுஎன்எல் நிதி 12 மாத ஒப்பந்தங்களில் பரவி நிற்பதால் ரோல் இழப்பு மட்டுப்படுகிறது, குளிர் அலையின் ஏற்றமும் அதே அளவு மங்கலாகவே கிடைக்கிறது. எஃப்சிஜி நிதி எரிவாயு நிறுவனங்களின் பங்குகளை வைத்திருப்பதால் ரோல் பிரச்சினை இல்லை. ஆனால் அங்கே வாங்குவது எரிவாயுவை அல்ல, அதை எடுக்கும் நிறுவனங்களின் கடனையும் நிர்வாகத்தையும் சேர்த்துத்தான். எரிவாயு விலையின் தினசரி மாற்றத்தை இரு மடங்காகத் தரும் பாயில் நிதியில், எரிவாயு 10 சதவீதம் ஏறி மறுநாள் பழைய விலைக்கே திரும்பினாலும் 100 டாலர் சுமார் 98 டாலராகிவிடும்.

ஆகவே ஜனவரி, பிப்ரவரி ஒப்பந்தங்களுக்கு இடையிலான விலை இடைவெளியைப் பார்த்த பிறகே யுஎன்ஜி-யில் சிறு தொகை இடுவேன்; பிப்ரவரி விலை மேலே நின்றால் சில வாரங்களுக்கு மேல் வைத்திருக்கப்போவதில்லை.