மீட்டருக்கு இந்தப் பக்கம்

'எதற்கெடுத்தாலும் அரசாங்கத்தைக் கைகாட்டினால் எப்படி?' என்பார்கள் சிலர். 'வரி கட்டுகிறோமே, வேறு எதற்கு அரசாங்கம்?' என்பார்கள் மற்றவர்கள். பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் இந்த வழக்கு விடிய விடிய ஓடும். குடிநீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு பேசினால் சீக்கிரம் தீர்ந்துவிடும். அங்கே மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. பல இடங்களில் அதற்கு அந்தப் பக்கம் குடிநீர் நிர்வாகத்தின் பொறுப்பு, இந்தப் பக்கம் வீட்டுக்காரர் பொறுப்பு.

தண்ணீர் சரியில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது 'யார் குற்றம்?' அல்ல, 'எந்த இடத்தில் கெட்டது?' என்பதுதான். கிருமியைக் கொல்ல நீரில் சேர்க்கும் குளோரின் எங்கே காணாமல் போகிறது என்று பார்த்தால் அது தெரியும். அதற்கு டி.பி.டி. என்ற நிறம் காட்டும் மாத்திரையோடு வரும் குளோரின் சோதனைப் பெட்டி ஒன்று போதும். தொட்டிக்குப் போகும் முன்னாலேயே, பொதுக்குழாயிலிருந்து நேராக வரும் குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு ஒரு மாதிரி பிடியுங்கள். தொட்டியிலிருந்து வரும் சமையலறைக் குழாயில் இன்னொன்று. மாத்திரையைப் போட்டதும் குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு உடனே அளவைப் படியுங்கள். பிடித்து வைத்துச் சாயங்காலம் பார்க்கலாம் என்றால் குளோரின் காத்திருக்காது.

வீட்டுக்கு வந்து சேரும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். முதல் மாதிரியே நிறம் மாறாமல் இருந்தால் கோளாறு அந்தப் பக்கம். முதலில் 0.3, சமையலறையில் பூஜ்யம் என்றால் குளோரினைத் தின்றது உங்கள் தொட்டி. அதற்கு யாரையும் திட்டிப் பயனில்லை.

தொட்டியைக் கழுவுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நீரை வடித்து, அடியில் படிந்த வண்டலை அள்ளி, சுவரில் கைவைத்தால் வழுக்கும் பாசிப்படலத்தை நாரால் தேய்த்து எடுத்த பிறகுதான் மருந்து. தேய்க்காமல் குளோரின் ஊற்றினால், கிருமியைத் தொடும் முன்னே அந்தப் படலமே அதைச் செலவழித்துவிடும். கிருமிநீக்கத்துக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். 1000 லிட்டர் தொட்டிக்கு அது 50 கிராம். 33 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் சுமார் 150 கிராம். வாய் திறந்து மாதக்கணக்கில் கிடந்த பொட்டலத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது, அதன் வீரியம் எப்போதோ போயிருக்கும்.

பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். கலக்கிவிட்டுச் சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, தொட்டியை நிரப்புங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டுக் குழாயை அப்படியே விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். 24 மணி நேரம் கழித்து முழுவதையும் வடித்துப் புதுநீர் நிரப்ப வேண்டும். வடிக்கும் நீர் செடிக்கோ மீன் குளத்துக்கோ போகக்கூடாது. இந்தக் கட்டத்தில் டி.பி.டி. மாத்திரை ஏமாற்றும். குளோரின் மிக அதிகமானால் நிறமே வெளுத்துப்போய்ப் பூஜ்யம் போலத் தெரியும். புதுநீர் நிரம்பிய பிறகு சோதியுங்கள்.

மூடிய தொட்டிக்குள் ஒருவரும் தனியாக இறங்கக்கூடாது, வெளியே ஆள் நிற்க வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே நாளில் கையில் எடுக்காமலிருப்பதே நல்லது.

இதுவரை சொன்னது தன் வீட்டைத் தானே பார்த்துக்கொள்வது. 'எனக்கு நானே' என்பது ஊருக்கு வினையாகும் இடமும் உண்டு. அழுத்தம் குறைவாக வருகிறது என்று பொதுக்குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டுகிறார்களே, அதுதான். மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளிமண்ணைவிடக் குறைந்துவிடும். இணைப்புகளில் உள்ள மயிரிழைக் கசிவுகள் வழியாக, வெளியே தேங்கியிருக்கும் சாக்கடை நீர் உள்ளே வரும். மாட்டியவருக்குத் தொட்டி நிரம்பும், தெரு முழுக்க வயிற்றுப்போக்கு. இதைத் தடுக்கத் தனிமனித ஒழுக்கம் மட்டும் போதாது, இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் வேண்டும். கீழ்த்தொட்டியில் தானாக விழவிட்டு, அங்கிருந்து மேலேற்றுவதே சரியான முறை.

வீட்டுக்காரர் எவ்வளவு உஷாராக இருந்தாலும் கை எட்டாத இடங்களும் இருக்கின்றன. 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது, அந்தத் தெருவின் பம்பு வைத்த பொதுக்கிணற்று நீர் ருசியாக இருக்கிறதென்று தேடிப்போய்க் குடித்தவர்கள் இருந்தார்கள். கசிந்தது பக்கத்திலிருந்த மலக்குழி. நாக்குக்கு அது தெரியவில்லை. மருத்துவர் ஜான் ஸ்னோ இறப்புகளைக் கணக்கெடுத்து எடுத்துச் சொன்ன பிறகு, செப்டம்பர் 8ஆம் தேதி உள்ளூர் நிர்வாகம் பம்பின் கைப்பிடியைக் கழற்றியது.

அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2014 ஏப்ரலில் ஆற்று நீருக்கு மாறியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டது நிர்வாகம். குழாய்களிலிருந்து ஈயம் கரைந்தது. ஈயத்துக்கு வாடையில்லை, குளோரின் அதை ஒன்றும் செய்யாது, கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கொஞ்சம் ஏறவே செய்யும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருக்க, குடியிருப்பவர்கள் தங்கள் குழாய்களில் பிடித்துக் கொடுத்த மாதிரிகளை 2015இல் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் சோதித்தபோதுதான் குட்டு உடைந்தது. அந்த அக்டோபரில் பழைய நீராதாரத்துக்குத் திரும்பினார்கள். குழாயை மாற்றுவது குடிமக்களால் ஆகிற காரியமல்ல. மாதிரி பிடிப்பது ஆகிற காரியம்.

அதற்கும் முறை இருக்கிறது. குறைந்தது 6 மணி நேரம் வீட்டில் எங்கும் தண்ணீர் திறக்காமல் இருந்து, சமையலறைக் குழாயில் வரும் முதல் ஒரு லிட்டரை அப்படியே பிடிக்க வேண்டும். முந்தின இரவு குழாயை நெடுநேரம் ஓடவிட்டாலோ, முனையிலுள்ள சல்லடையைக் கழற்றினாலோ ஈயம் குறைவாகக் காட்டும். 'ஓடவிட்டுப் பிடியுங்கள்' என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். குளோரின் மாதிரிக்கு ஓடவிட வேண்டும், ஈய மாதிரிக்குக் கூடாது. பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

புகார் எழுதும்போது 'தண்ணீர் சரியில்லை' என்று எழுதினால் 'தொட்டியைக் கழுவுங்கள்' என்று பதில் வரும். மாதிரி பிடித்த தேதி, நேரம், தொட்டிக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு, கடைசியாகத் தொட்டி கழுவிய நாள் எல்லாவற்றையும் எழுதி, அதே தெருவில் இன்னும் நாலைந்து வீட்டு அளவுகளையும் ஒரே தாளில் சேர்த்துக் கொடுங்கள். அந்தத் தாளுக்குத் தொட்டியைக் காட்டித் தப்பிக்க முடியாது.